ஓ.எல் கணிதம்: கொப்பியை மூடிவிட்டுப் படிக்கிற வழி

வகுப்பில் சேர் (ஆசிரியர்) பலகையில் ஒரு கணக்கைச் செய்து காட்டும்போது எல்லாம் விளங்கும். அடுத்த நாள் அதே கணக்கை வீட்டில் வெறுந்தாளில் செய்யப் போனால் இரண்டாம் வரியில் பேனை நின்றுவிடும். "அப்ப விளங்கினது, இப்ப வருதில்லை" என்று பிள்ளைகள் சொல்வது பொய்யில்லை. ஒருவர் செய்வதைப் பார்த்து விளங்கிக்கொள்வது ஒரு வேலை, தானாகச் செய்து முடிப்பது வேறொரு வேலை. ஓ.எல் (இலங்கையில் தரம் 11 முடிவில் எழுதும் க.பொ.த. சாதாரண தரம்) பரீட்சை மண்டபத்தில் கேட்கப்படுவது இரண்டாவது. முதலாவதையே திரும்பத் திரும்பச் செய்துவிட்டு, "மூன்று ரியூசன் போயும் கணிதம் ஏறுதில்லை" என்று கவலைப்படுகிற வீடுகள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நிறைய உண்டு.

கீழே சொல்லும் முறை முழுவதும் ஒரே விடயத்தைச் சுற்றியது: தாளில், தன் கையால், விடையைப் பார்க்காமல் செய்வது, பிழைத்த இடத்தைக் கண்டுபிடித்து அந்த இடத்தை மட்டும் திருத்துவது. ரியூசன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது நடக்க வேண்டும்.

புள்ளி எங்கே இருக்கிறது

படிக்கத் தொடங்கு முன் வினாத்தாளின் கணக்கைத் தெரிந்து வைத்திருங்கள். முதலாம் வினாத்தாள் இரண்டு மணித்தியாலம். அதன் ஏ பகுதியில் 25 சிறுவினாக்கள், தலா 2 புள்ளி. பி பகுதியில் ஐந்து வினாக்கள், தலா 10 புள்ளி. எல்லாவற்றுக்கும் விடை எழுத வேண்டும். இரண்டாம் வினாத்தாள் மூன்று மணித்தியாலம். ஏ பகுதியில் ஆறில் ஐந்து, பி பகுதியில் ஆறில் ஐந்து, தலா 10 புள்ளி. இரண்டையும் கூட்டினால் 200, அதைப் பாதியாக்கினால் இறுதிப் புள்ளி. 35 எடுத்தால் எஸ் (ஆகக் குறைந்த சித்தி), 50 எடுத்தால் சி, 65 எடுத்தால் பி, 75 எடுத்தால் ஏ.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சித்தியடைய 200இல் 70 போதும். சிறுவினாக்களில் 18 சரி என்றால் 36. முதலாம் வினாத்தாளின் பி பகுதியில் ஒரு வினாவுக்கு சராசரி 3 புள்ளி வீதம் 15. மிச்சம் 19ஐ இரண்டாம் வினாத்தாளின் பத்து வினாக்களில் வினாவுக்கு இரண்டு புள்ளி வீதம் பொறுக்கிக்கொள்ளலாம். ஆகவே "எனக்குக் கணிதம் சரிவராது" என்று ஒதுங்கியிருக்கிற பிள்ளை முதலில் பிடிக்க வேண்டியது சிறுவினாக்களை. அவற்றில் பெரும்பகுதி தரம் 6 முதல் 9 வரை படித்த பின்னம், நூற்றுவீதம், எளிய சமன்பாடு, கோணம், பரப்பளவு ஆகியவற்றில் இருந்துதான் கிளைக்கிறது. ஏ எடுக்க நினைக்கிற பிள்ளைக்கோ கதை வேறு. அங்கே சிறுவினாவில் இழக்கும் நான்கைந்து புள்ளியும் கேத்திரகணித நிறுவலும்தான் வித்தியாசத்தை உண்டாக்கும்.

உயர்தரத்துக்குப் (ஏ.எல்) போகத் தாய்மொழியும் கணிதமும் சேர்ந்த ஆறு பாடச் சித்தி வேண்டும், அவற்றில் மூன்று சி தரத்தில் இருக்க வேண்டும். கலைப்பிரிவுக்குப் போகிறேன், கணிதம் எதற்கு என்கிற பேச்சு இந்த இடத்தில் முடிந்துவிடும்.

ஓட்டை எங்கே என்று பார்ப்பது

தரம் 11 பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் இருந்து தொடங்குவது பலருக்குப் பயன் தராது. கீழே இருக்கிற ஓட்டையை அடைக்காமல் மேலே தண்ணீர் ஊற்றுகிற வேலை அது. ஒரு மாலையில், அரை மணித்தியாலத்தில், கணிகருவி இல்லாமல் பின்வருவனவற்றைச் செய்து பாருங்கள். தெரியாக்கணியத்துக்கு இங்கே 'ப' என்று எழுதுகிறோம்.

3/4 − 5/6
−7 − (−4)
0.3 × 0.02
2400 ரூபாவின் 15%
5 − 2(ப − 3) ஐச் சுருக்குக
ப² − 9 ஐக் காரணிப்படுத்துக
2ப + 7 = 1
4800 ரூபாவை 3 : 5 என்ற விகிதத்தில் பிரிக்க
ஆரை 7 செ.மீ. உடைய வட்டத்தின் பரப்பளவு

விடைகள் முறையே −1/12, −3, 0.006, 360 ரூபா, 11 − 2ப, (ப − 3)(ப + 3), ப = −3, 1800 உம் 3000 உம், 154 சதுர செ.மீ. ஏழுக்கு மேல் சரி என்றால் தரம் 10, 11 பாடங்களுக்கு நேரே போகலாம். ஐந்துக்குக் கீழ் என்றால் இரண்டு வாரம் தரம் 8, 9 புத்தகங்களோடு இருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. பழைய புத்தகம் தம்பி தங்கையிடம் இருக்கும், இல்லாவிட்டால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழில் தரவிறக்கலாம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்திலும் பாடங்கள் கிடக்கின்றன. ஆனால் காணொளி பார்ப்பதும் வகுப்பில் பலகையைப் பார்ப்பது போலத்தான். ஒரு கணக்கு முடிந்ததும் நிறுத்தி, திரையைக் கவிழ்த்து வைத்து, அதையே தாளில் செய்யாவிட்டால் டேற்றா மட்டும்தான் முடியும்.

மேலே உள்ள ஒன்பதில் பெரும்பாலோர் விழுகிற இடம் ஐந்தாவது. 5 − 2(ப − 3) ஐப் பார்த்ததும் 5இலிருந்து 2ஐக் கழித்து 3(ப − 3) என்று எழுதிவிடுவார்கள். 2க்கும் அடைப்புக்கும் இடையில் இருப்பது பெருக்கல். அது கழித்தலுக்கு முன் நடக்க வேண்டும். இன்னொரு வகைப் பிள்ளை 5 − 2ப − 6 என்று எழுதும். மறை 2ஐ மறை 3ஆல் பெருக்கினால் நேர் 6 வர வேண்டும் என்பதைத் தவறவிடுகிறது. பிழை இரண்டும் வேறு வேறு, மருந்தும் வேறு. "அட்சரகணிதம் வராது" என்று மொத்தமாகச் சொன்னால் இரண்டுமே குணமாகாது.

ஒரு கணக்கை எப்படிப் படிப்பது

பாடப்புத்தகத்தில் செய்து காட்டிய உதாரணம் ஒன்றை எடுங்கள். ஒருதரம் மெதுவாக வாசியுங்கள். ஒவ்வொரு வரியிலும் "முந்திய வரியில் இருந்து இந்த வரி எப்படி வந்தது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்ல முடியாத வரியில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு புத்தகத்தை மூடுங்கள். வெறுந்தாளில் அதே கணக்கை முதல் வரியில் இருந்து செய்யுங்கள். நின்றுவிட்டால் மூன்று நிமிடம் பொறுங்கள். உடனே புத்தகத்தைத் திறக்காமல், "எது தரப்பட்டிருக்கிறது, எது கேட்கப்பட்டிருக்கிறது, இரண்டையும் இணைக்கிற சூத்திரம் எது" என்று மூன்று வரி எழுதிப் பாருங்கள். பிறகும் வராவிட்டால் திறந்து, நின்ற வரியை மட்டும் பார்த்துவிட்டு மறுபடி மூடுங்கள்.

எண்களை மாற்றி அதே கணக்கை இன்னொருதரம் செய்வது அடுத்த படி. 50 000 ரூபாவை 12% கூட்டு வட்டிக்கு இரண்டு வருடம் வைத்தால் முதல் வருடம் 56 000, இரண்டாம் வருடம் 62 720. இதை 80 000 ரூபாவுக்கு 10% என்று மாற்றிச் செய்யுங்கள். எண் மாறியதும் தடுமாறினால், படித்தது முறையை அல்ல, அந்தப் பக்கத்தை என்று அர்த்தம்.

அதன் பிறகுதான் பயிற்சி. ஒரே வகைக் கணக்கு இருபதை ஒரே இருப்பில் செய்வது எங்கள் வகுப்புகளில் பழகிப்போன முறை. முதல் நான்கைந்து பயன் தரும். அதற்குப் பிறகு கை மட்டும் ஓடும், மூளை தூங்கும். பரீட்சையில் ஒரு கணக்கின் தலையில் "இது இருபடிச் சமன்பாடு" என்று எழுதியிருக்காது. எந்த முறை என்று தெரிவுசெய்வதுதான் பாதி வேலை, அந்தத் தெரிவு ஒரே வகை இருபதில் நடப்பதேயில்லை. ஆகவே புதுப் பாடத்தில் ஐந்து கணக்கு, போன வாரப் பாடத்தில் இரண்டு, போன மாதத்தில் இரண்டு, தரம் 10இல் ஒன்று என்று கலந்து செய்யுங்கள். பிழைகள் கூடும். கூடத்தான் வேண்டும்.

ஒரு நாளுக்கு 45 நிமிடம், கிழமையில் ஐந்து நாள், சனி அல்லது ஞாயிறு ஒரு வினாத்தாள். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணித்தியாலம் ஒரேயடியாக இருந்து படிப்பதைவிட இது நிற்கும். உள்வீதிகளில் இருந்து பஸ்ஸில் போகிற பிள்ளைக்குத் தினமும் ஒரு மணித்தியாலம் பயணத்தில் போய்விடும். அந்த நேரத்தில் எழுத முடியாது, ஆனால் 1 முதல் 20 வரையான வர்க்கங்கள், 30°, 60°, 90° அமைக்கும் படிகள், வட்டத் தேற்றங்களின் கூற்றுகள் என்று வாயால் சொல்லிப் பார்க்கக்கூடியவை நிறைய உண்டு.

விடை சரியா என்று தானே பார்க்கும் பழக்கம்

கணிதத்தில் மட்டும் பிள்ளை தன் விடையைத் தானே திருத்தலாம். இதை யாரும் பழக்குவதில்லை என்பது எங்கள் குறை. மூன்று வழிகளைக் கிட்டப்போய்ப் பார்ப்போம்.

முதலாவது, எண் இட்டுப் பார்ப்பது. 3/ப − (ப − 2)/2ப ஐச் சுருக்க வேண்டும். பொதுப் பகுதி 2ப. சரியாகச் செய்தால் மேலே 6 − (ப − 2), அதாவது 8 − ப வரும். விடை (8 − ப)/2ப. அடைப்பை மறந்த பிள்ளை 6 − ப − 2 என்று எழுதி (4 − ப)/2ப என்று முடிக்கும். இப்போது ப = 1 என்று இடுங்கள். கேள்வியில் 3 − (−1)/2, அதாவது 3.5. முதல் விடையில் 7/2, அதுவும் 3.5. இரண்டாவதில் 3/2, அதாவது 1.5. பதினைந்து விநாடியில் பிழை பிடிபட்டுவிட்டது. பகுதி பூச்சியமாகாத எந்த எண்ணையும் இடலாம்.

இரண்டாவது, பருமட்டாக மதிப்பிடுவது. ஒரு கிணறு, விட்டம் 3.5 மீற்றர், தண்ணீர் 2 மீற்றர் ஆழம். எவ்வளவு தண்ணீர்? ஆரை 1.75. 22/7 × 1.75 × 1.75 × 2 = 19.25 கன மீற்றர், அதாவது 19 250 லீற்றர். விட்டத்தை ஆரை என்று எடுத்த பிள்ளைக்கு 77 கன மீற்றர் வரும். ஆனால் அந்தக் கிணறு 3.5க்கு 3.5 சதுரக் குழி ஒன்றுக்குள் அடங்கிவிடும், அந்தக் குழியில் கொள்ளுவதே 24.5 கன மீற்றர்தான். 77 எங்கே இருந்து வந்தது? வட்டம், உருளை, கூம்பு வருகிற எந்தக் கணக்கிலும் இந்தப் பெட்டியை மனதில் கீறிப் பார்க்கலாம்.

மூன்றாவது மடக்கை (லொக்). இது கொஞ்சம் நீளும், ஏனென்றால் பரீட்சையில் கணிகருவி இல்லை, மடக்கை அட்டவணைதான், அதில் கவனமான பிள்ளைகளும் விழுகிறார்கள்.

0.0472இன் கனமூலம் வேண்டும். அட்டவணையில் 47 நிரையில் 2 நிரலில் 6739 இருக்கும். எண் 1ஐ விடச் சிறியது, தசமப் புள்ளிக்குப் பிறகு ஒரு பூச்சியம், ஆகவே சிறப்பியல்பு (மடக்கையின் முழுவெண் பகுதி) மேற்கோடு 2, அதாவது −2. மடக்கை 2̄.6739. இதை 3ஆல் வகுக்க வேண்டும். பலர் மேற்கோட்டைக் கவனிக்காமல் 2.6739 ÷ 3 = 0.8913 என்று செய்து, முரண்மடக்கை (மடக்கையில் இருந்து எண்ணைத் திரும்ப எடுப்பது) பார்த்து 7.786 என்று எழுதுவார்கள். அந்த மேற்கோடு 2க்கு மட்டும் உரியது. அதாவது இந்த எண் −2 + 0.6739. −2ஐ 3ஆல் மீதியின்றி வகுக்க முடியாது, எனவே 1ஐக் கடன் வாங்கி −3 + 1.6739 என்று மாற்றுங்கள். −3 ÷ 3 = −1. 1.6739 ÷ 3 = 0.5580. விடை 1̄.5580, முரண்மடக்கை 0.3614.

சரிதானா? 0.3இன் கனம் 0.027. 0.4இன் கனம் 0.064. 0.0472 இரண்டுக்கும் நடுவில். ஆகவே கனமூலம் 0.3க்கும் 0.4க்கும் நடுவில் இருக்க வேண்டும். 0.3614 பொருந்துகிறது. 7.786ஐ எழுதிய பிள்ளை இந்த ஒரு வரியைச் செய்திருந்தால் புள்ளி போயிருக்காது.

மடக்கையில் இன்னும் இரண்டு இடங்கள். கூட்டும்போது தசமப் பகுதியில் இருந்து வருகிற 1 நேர் எண், சிறப்பியல்பு மறை எண். 2̄.6739 + 0.8344 ஐக் கூட்டினால் தசமங்கள் 1.5083, அந்த 1ஐ −2உடன் சேர்த்தால் −1, விடை 1̄.5083. 3̄.5083 என்று எழுதுவது வழக்கமான பிழை. மற்றது, வலப்பக்கத்து வித்தியாச நிரலை வாசிக்கும்போது கண் ஒரு நிரை மேலே போய்விடுவது. அடிமட்டத்தை நிரைக்குக் கீழே வைத்து வாசியுங்கள். சின்ன விடயம்தான், ஆனால் உதவும்.

கேத்திரகணிதம்

நிறுவலைப் பாடமாக்குகிறவர்கள் படத்தில் எழுத்துகள் மாறியதும் கைவிடுகிறார்கள். தேற்றத்தின் கூற்றைச் சொல்லுக்குச் சொல் தெரிந்திருக்க வேண்டும், அதில் சந்தேகமில்லை. நிறுவலையோ பின்னால் இருந்து முன்னால் வந்து கண்டுபிடிக்கப் பழக வேண்டும்.

இரு கோணங்கள் சமன் என்று நிறுவச் சொன்னால், கோணங்கள் சமனாகும் வழிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான்: சமாந்தரக் கோடுகளில் ஒன்றுவிட்ட கோணங்கள் அல்லது ஒத்த கோணங்கள், குத்தெதிர்க் கோணங்கள், இருசமபக்க முக்கோணியின் அடிக்கோணங்கள், ஒருங்கிசையும் அல்லது இயல்பொத்த முக்கோணிகளின் ஒத்த கோணங்கள், வட்டத்தில் ஒரே துண்டக் கோணங்கள், வட்ட நாற்பக்கலின் புறக்கோணமும் அகத்தெதிர்க் கோணமும், தொடலியும் நாணும் ஆக்கும் கோணம். இந்தப் பட்டியலைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, எதற்கு இங்கே இடம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு வாருங்கள். சமாந்தரக் கோடே இல்லாத படத்தில் முதல் இரண்டும் போய்விடும். வட்டம் இருந்தால் பெரும்பாலும் கடைசி மூன்றில் ஒன்று. பக்கங்கள் சமன் என்பதற்கும் இதே மாதிரி ஒரு பட்டியல் எழுதி வைத்திருங்கள்.

படத்தை வினாத்தாளில் பார்த்துக்கொண்டு யோசிக்காதீர்கள். தாளில் பெரிதாக, அரைப் பக்கத்துக்குக் கீறுங்கள். தரவில் சொன்ன ஒவ்வொன்றையும் படத்தில் குறியுங்கள்: சமபக்கத்துக்குச் சிறு வெட்டு, சமாந்தரத்துக்கு அம்பு, செங்கோணத்துக்குச் சதுரம். தரவில் சொல்லாத ஒன்றையும் குறிக்காதீர்கள். படத்தில் செங்கோணம் போலத் தெரிகிறது என்பதற்காக 90° என்று எடுத்துக்கொள்வதால் முழு நிறுவலும் கவிழ்ந்த தாள்கள் நிறைய. ஒவ்வொரு வரிக்கும் அடைப்புக்குள் காரணம் எழுதுங்கள். புள்ளியிடும் திட்டத்தில் காரணத்துக்கும் புள்ளி இருக்கும்.

அமைப்பு வினா (கவராயத்தாலும் அடிமட்டத்தாலும் உருவம் வரைவது) பலர் பயந்து தொடாமல் விடுகிற வினா, உண்மையில் மிக நிச்சயமான பத்துப் புள்ளி. கவராயத்தின் பிணைப்பு இறுக்கமாக இருக்க வேண்டும். ஆடுகிற கவராயத்தால் வரைந்த வில் தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வராது, ஆரை பாதி வழியில் மாறியிருக்கும். திருகாணியை இறுக்கிவிட்டு ஒரு முழு வட்டம் வரைந்து சோதியுங்கள். பென்சில் முனை கூர், ஊசி முனையும் பென்சில் முனையும் ஒரே மட்டத்தில். செங்குத்து இருகூறாக்கி வரையும்போது கவராயத்தைக் கோட்டின் பாதி நீளத்தைவிடக் கூடத் திறக்க வேண்டும். குறையத் திறந்தால் விற்கள் ஒன்றையொன்று வெட்டாது. விற்களை அழிறப்பரால் அழிக்கக் கூடாது, திருத்துகிறவர் பார்ப்பது அவற்றைத்தான். பாகைமானியால் 60° வைத்துவிட்டுப் பிறகு பொய்யாக ஒரு வில் கீறுவதும் தெரிந்துவிடும்.

பிழைக் கொப்பி

80 பக்கச் சதுரக் கொப்பி ஒன்று. இதற்கென்று தனியாக. ஒவ்வொரு பயிற்சியும் வினாத்தாளும் முடிந்த பிறகு, பிழைத்த கணக்குகளை மட்டும் இதில் எழுதுங்கள். இடப்பக்கத்தில் கேள்வி. வலப்பக்கத்தில் சரியான செய்கை, பிழை நடந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பால் ஒரு குறி. பிழைக்கு ஒரு பெயர் வையுங்கள். ஐந்து பெயர் போதும்: குறி மாறியது, கேள்வியைப் பிழையாக வாசித்தது, சூத்திரம் மறந்தது, முறை தெரியாதது, நேரம் போதாதது.

"கவனக்குறைவு" என்று மட்டும் எழுத வேண்டாம். அது எதையும் சொல்லாத சொல். ஏழாவது தடவையும் குறி மாறினால் அது கவனக்குறைவு இல்லை, அடைப்பு நீக்கும் முறை கையில் இன்னும் படியவில்லை என்று பொருள்.

மறுநாள், மூன்றாம் நாள், ஒரு கிழமை கழித்து, ஒரு மாதம் கழித்து, வலப்பக்கத்தை ஒரு மட்டையால் மூடி அதே கேள்வியை மறுபடி செய்யுங்கள். நான்கு தரமும் சரி வந்தால் கேள்வியின் மேல் குறுக்கே ஒரு கோடு. மாதக் கடைசியில் எந்தப் பெயர் கூட வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். அடுத்த மாதம் எதைப் படிப்பது என்பதை அந்த எண்ணிக்கை சொல்லும், ரியூசன் அட்டவணை சொல்லாது.

சேர்ந்து படிப்பது

மூன்று அல்லது நான்கு பேர், அதற்கு மேல் வேண்டாம். ஆளுக்கு ஒரு கணக்கு என்று பிரித்து, தனித்தனியே 15 நிமிடம் செய்த பிறகு ஒவ்வொருவராகப் பலகையில் விளங்கப்படுத்துவது. கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று செய்ய மற்றவர்கள் பார்த்து எழுதுவது சேர்ந்து படிப்பதில் சேராது. கேட்கிறவர் ஒவ்வொரு வரியிலும் "ஏன்" என்று ஒருதரம் கேட்க வேண்டும். காட்டோரக் கிராமங்களில் யானை நடமாட்டம் உள்ள பாதையால் வீடு போகிறவர்கள் இருந்தால் பொழுதுபட முன்னரே முடித்துவிடுங்கள். விடியப்புறம் ஐந்து மணிக்குத் தனியே இருந்து படிப்பது எவ்வளவோ மேல், அந்த நேரத்தில் மூளையும் தெளிவாக இருக்கும்.

வீட்டு வேலை செய்கிற பிள்ளைக்கும் கணிதம் கையருகில் கிடக்கிறது. 10 லீற்றர் தண்ணீருக்கு 20 மில்லிலீற்றர் மருந்து என்றால் 16 லீற்றர்த் தாங்கிக்கு எவ்வளவு? 32 மில்லிலீற்றர். ஒரு ஏக்கர் 4 ரூட், 160 பேர்ச். முக்கால் ஏக்கர் எத்தனை பேர்ச்? அப்பாவோடு வயலில் நிற்கும்போது இவற்றை மனதால் போட்டுப் பார்க்கிற பிள்ளைக்கு விகித சமனைப் புதிதாகப் படிப்பிக்கத் தேவையில்லை.

நாள்காட்டி

முன்பு டிசெம்பரில் நடந்த ஓ.எல் கோவிட்டுக்குப் பிறகு இடம் மாறியது. 2024இல் மே மாதம் நடந்தது, 2025இல் மார்ச்சில். பரீட்சை வருடத்தின் முற்பகுதிக்கு வந்தால் வன்னியில் அது காலபோக (பெரும்போக) நெல் அறுவடையோடு மோதும். அதற்கு முன் ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை மழை. குளங்கள் வான் பாயும் (நிரம்பி வழியும்) நாள்களில் பாதை மூடும், மின்சாரம் போகும், பாடசாலை நடக்காது. இந்த மாதங்களில் வகுப்பை நம்பித் திட்டம் போடாதீர்கள். செப்ரெம்பர் முடிய முன் கடந்தகால வினாத்தாள் பத்தையும் புள்ளியிடும் திட்டங்களையும் கடதாசியில் பிரதி எடுத்து, பிளாஸ்ரிக் உறையில் போட்டு வைத்திருங்கள். தொலைபேசியில் கிடக்கிற பிடிஎப் மின்சாரம் இல்லாத மூன்றாம் நாள் உதவாது. அறுவடைக் காலத்தில் வீட்டில் வேலை இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த இரண்டு மூன்று கிழமைக்குப் புதுப் பாடம் வைக்காமல் பிழைக் கொப்பியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடந்தகால வினாத்தாள்களைத் தொடக்கத்திலேயே எல்லாம் செய்து தீர்த்துவிடவும் வேண்டாம். கடைசி நான்கு வருடத்து வினாத்தாள்களைத் தொடாமல் பூட்டி வைத்து, பரீட்சைக்கு முந்திய எட்டுக் கிழமைக்குள், மணிக்கூடு வைத்து, ஒரே இருப்பில் செய்யுங்கள். திருத்தும்போது புள்ளியிடும் திட்டத்தை வரிவரியாகப் பாருங்கள். எந்த வரிக்கு 1, எந்த வரிக்கு 2 என்று அதில் இருக்கும். விடை பிழைத்தாலும் முறைக்குப் புள்ளி கிடைக்கிற இடங்கள் எத்தனை என்று அப்போதுதான் தெரியும்.

மண்டபத்தில்

முதலாம் வினாத்தாளில் சிறுவினாவுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். 25க்கு 50 நிமிடம். பி பகுதியில் வினாவுக்கு 12 நிமிடம் வீதம் 60. மிச்சம் 10 நிமிடம் விட்டுப் போனவற்றுக்கு. சிறுவினாவிலும் ஒரு வரிச் செய்கை எழுதுங்கள். விடை பிழைத்தால் அந்த வரிக்கு 1 புள்ளி கிடைக்க வாய்ப்பிருக்கிறது, வெறும் பிழை விடைக்கு ஒன்றுமில்லை.

இரண்டாம் வினாத்தாளில் வாசிக்கக் கிடைக்கும் மேலதிக 10 நிமிடத்தில் எதையும் செய்யத் தொடங்காமல், இரு பகுதியிலும் எதை விடுவது என்று மட்டும் முடிவெடுங்கள். விடுகிற வினா தெரிந்தால் மற்ற ஐந்தும் தெளிவாகும். வினாவுக்கு 16 நிமிடம். 16 நிமிடத்தில் முடியாவிட்டால் பாதியில் விட்டு அடுத்ததுக்குப் போங்கள், திரும்பி வர இடம் விட்டு. கடைசிப் புள்ளிகள் எடுக்கக் கடினம், அடுத்த வினாவின் முதல் மூன்று புள்ளி லேசானவை.

வரைபு வினாவில் அளவுத்திட்டத்தை முதலில் எழுதுங்கள், புள்ளிகளை ஒப்பமான வளைகோட்டால் இணையுங்கள், அடிமட்டத்தால் இணைத்தால் புள்ளி குறையும். மீடிறன் அட்டவணையில் வகுப்பாயிடையின் நடுப்பெறுமானத்தைப் பிழையாக எடுத்தால் கீழே எல்லாம் பிழைக்கும், ஆகவே முதல் இரண்டையும் மறுதரம் கூட்டிப் பாருங்கள்.

பரீட்சைக்கு முதல் நாள் இரவு பையில் வைக்க வேண்டியவை: நீலப் பேனை இரண்டு, கூர்மையாக்கிய எச்.பி பென்சில் இரண்டு, இறுக்கிய கவராயம், அடிமட்டம், பாகைமானி, மூலைமட்டம், அழிறப்பர். பென்சில் கூராக்கியையும் மறக்க வேண்டாம். கவராயத்துக்குள் இருக்கிற பென்சில்தான் முதலில் மழுங்கும்.